பந்து இல்லாத இடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'ஆட்டத்தின் வியூகத்தைச் சரியாகப் புரியவைப்பது பயிற்சியாளரின் கண்ணா, கணினியின் கணக்கா?' என்பது தலைப்பு. கணக்குதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார்: "சச்சினுக்கு எந்தக் கம்ப்யூட்டர் கவர் டிரைவ் சொல்லிக்கொடுத்தது?" முன்காலை நீட்டி, ஆஃப் சைடில் பந்தை விரட்டும் அந்த அடியிலிருந்தே தொடங்குகிறேன் ஐயா. 2003-04 ஆஸ்திரேலியத் தொடரில் சச்சினின் முதல் ஐந்து இன்னிங்ஸ்: 0, 1, 37, 0, 44. அடுத்தது சிட்னி. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, அதாவது உடம்பை விட்டு விலகி, வரும் பந்தை டிரைவ் ஆடப்போய் விக்கெட்டைக் கொடுக்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. கவர் டிரைவே வேண்டாம் என்று முடிவெடுத்தார். 436 பந்துகள் ஆடி, 241 ரன் எடுத்து, அவுட் ஆகாமல் நின்றார். கம்ப்யூட்டர் இல்லை, சரி. ஆனால் எந்த அடி தனக்கு என்ன தருகிறது, எதைப் பறிக்கிறது என்று கூட்டிக் கழித்துப் பார்த்தாரே, அது கணக்கு இல்லையா? கண்ணை மட்டும் கேட்டிருந்தால், உலகமே ரசித்த அந்த அடியை விடச் சொல்லியிருக்குமா?

கண்ணைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆனால் அதற்கு ஒரு பழக்கம் உண்டு. பந்து போகும் இடத்துக்கெல்லாம் அதுவும் போய்விடும். கால்பந்தில் 22 பேர் ஓடுகிறார்கள். பந்து ஒருவர் காலில். மற்ற 21 பேர் அந்த நேரத்தில் எங்கே நகர்ந்தார்கள், எந்த இடத்தைக் காலியாக விட்டார்கள்? வியூகம் என்பதே அங்கேதான் இருக்கிறது. கனடாவில் இயன் ஃபிராங்ஸ் என்ற ஆய்வாளர் 1980களில் ஒரு சோதனை செய்தார். இளம் பயிற்சியாளர்களை ஆட்டம் பார்க்க வைத்து, முக்கியமான நிகழ்வுகளைப் பற்றிக் கேட்டார். பாதியைக்கூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்ல. மனித நினைவின் கொள்ளளவு அவ்வளவுதான்.

கண் நம்மை எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஸ்டீவ் ஸ்மித்தைச் சொல்கிறேன். 2020 டிசம்பரில் இந்திய அணி ஆஸ்திரேலியாவில் இறங்கியபோது அவருடைய டெஸ்ட் சராசரி 60க்கு மேல். அவர் ஆடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பந்து வருவதற்குள் ஆஃப் ஸ்டம்ப் பக்கம் நகர்ந்துவிடுவார். காலை நோக்கி வரும் பந்தைச் சுலபமாக லெக் சைடில், அதாவது கால் பக்கம், தட்டிவிடுவார். பார்க்கிற யாருக்கும் என்ன தோன்றும்? 'இவருக்குக் காலில் போடாதே, வெளியே போடு' என்றுதானே? அப்படியேதான் உலகம் போட்டுக்கொண்டிருந்தது. நம் தமிழ்நாட்டுக்காக ஆடிய பரத் அருண் அப்போது இந்தியாவின் பந்துவீச்சுப் பயிற்சியாளர். தொடர் முடிந்த பிறகு அவரே விளக்கினார்: ஆஸ்திரேலியர்களின் ஆஃப் சைடை, அதாவது லெக் சைடுக்கு எதிர்ப்பக்கத்தை, அடைத்துவிட வேண்டும் என்று ஜூலை மாதமே அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ரவி சாஸ்திரி சொல்லியிருக்கிறார், அலசிப் பார்த்தால், அவர்கள் ரன்னில் பெரும்பகுதி கட், புல், ஆஃப் சைடு அடிகளில்தான் வந்திருக்கிறது. வெளியே போட்டுப் போட்டு நாமே ரன்னைக் கொடுத்திருக்கிறோம்!

ஸ்டம்பைக் குறிவைத்துப் போட்டார்கள், லெக் சைடில் ஆட்களைக் குவித்தார்கள். மெல்போர்னில் அஸ்வின் பந்தை ஸ்மித் வழக்கம்போல் லெக் சைடில் தட்டினார். பந்து நேராக, அவருக்குப் பின்னால் கால் பக்கம் லெக் கல்லி என்ற இடத்தில் நின்ற புஜாரா கையில். ரன் 0. முதல் இரண்டு டெஸ்டில், நான்கு இன்னிங்ஸில், ஸ்மித் எடுத்தது மொத்தம் 10 ரன். "சிட்னியில் 131 அடித்தாரே" என்று எதிரணியில் ஒரு தங்கை முணுமுணுப்பது கேட்கிறது. அடித்தார் அம்மா, அவர் பெரிய ஆட்டக்காரர். ஆனால் அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட அணி அந்தத் தொடரை 2-1 என்று வென்று வந்ததே, அதில் அந்த அலசலுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். லிவர்பூல் கால்பந்து கிளப்பும் கூகுள் டீப்மைண்டும் சேர்ந்து 'டாக்டிக்ஏஐ' என்று ஒன்றைச் செய்து 2024இல் வெளியிட்டார்கள். கார்னர் கிக், அதாவது மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் பந்து, அதைப் பற்றி மட்டும்தான். பிரீமியர் லீகின் 7,176 கார்னர்களை அதற்குக் கொடுத்தார்கள். வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு அது செய்வது உடனே புரியும். ஒவ்வொரு வீரரும் ஒரு புள்ளி. புள்ளிக்குப் புள்ளி கோடு. நிற்கும் இடம், ஓடும் வேகம், உயரம், எடை எல்லாம் அந்தப் புள்ளியில் அடக்கம். கோலத்தை இடவலமாகத் திருப்பினாலும் அது அதே கோலம்தான் என்பதும் அதற்குத் தெரியும். பந்து யாருக்குப் போகும் என்று கணிக்கும். தடுக்கிற அணியில் இந்தப் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்து என்றும் சொல்லும். லிவர்பூல் நிபுணர்கள் முன்னால், ஏற்கெனவே நடந்த அமைப்பையும் இது திருத்திய அமைப்பையும் வைத்தார்கள். 90 சதவீதம் முறை அவர்கள் திருத்தியதையே விரும்பினார்கள். கவனியுங்கள், தேர்ந்தெடுத்தவை மனிதக் கண்கள்தான்!

கணக்கு தப்பாகாதா என்றும் கேட்டார்கள். ஆகும். இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் 1950 முதல் ஆட்டங்களைக் காகிதத்தில் குறித்துவந்தார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் வருகின்றன, அதனால் பந்தை நீளமாக அடியுங்கள் என்றார். ஆட்டத்தில் பெரும்பாலான நகர்வுகளே மூன்று பாஸுக்குள் முடிந்துவிடும், கோலும் அதில்தானே அதிகம் வரும் என்பதை விட்டுவிட்டார். முன்பு சொன்ன அதே ஃபிராங்ஸ், மைக் ஹியூஸுடன் சேர்ந்து 2005இல் கோல்களை நகர்வுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து அதைத் திருத்தினார். நீளமான பாஸ் தொடர்களுக்குத்தான் பலன் கூடுதல் என்று தெரிந்தது. தப்பான கணக்கைச் சரியான கணக்கால்தான் திருத்த முடிந்தது.

கடைசியாக, என் மகள் ஆடும் பள்ளி வாலிபால் அணி. பின்வரிசையில், இடது மூலையில் ஒரு பெண், உயரம் கொஞ்சம் குறைவு. தோற்ற ஆட்டங்களில் எல்லாம் பந்து அவள் பக்கம்தான் விழும். "எடு, எடு" என்று மொத்த மைதானமும் அவளைப் பார்த்தே கத்தும். அவளை எடுத்துவிடலாம் என்று சாரும் முடிவுக்கு வந்துவிட்டார். ஒரு ஆட்டத்தன்று என் போனை வராண்டாத் தூணில் கயிற்றால் கட்டி வீடியோ எடுத்தேன். இரவு ஒரு கோடு போட்ட நோட்டில் கட்டம் வரைந்து, பந்து விழுந்த இடமெல்லாம் புள்ளி வைத்தேன். அவள் மூலையில் புள்ளிகள் எறும்பு மொய்த்த மாதிரி. அப்புறம் ஒவ்வொரு புள்ளிக்கும் வீடியோவைப் பின்னால் தள்ளி, பந்து எந்த வழியாக வந்தது என்று பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே வழி. முன்னால் தடுக்கக் குதித்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. என் மகளும் அந்த இருவரில் ஒருத்தி.

நோட்டைச் சாரிடம் காட்டினேன். மறுநாளிலிருந்து அந்த இருவரையும் ஒட்டி நின்று குதிக்கச் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பெண் அதே மூலையில் ஆடினாள். அங்கே பந்து விழவே இல்லை என்று சொல்லமாட்டேன், விழுந்தது. ஆனால் ஒருவர்கூட அவளைப் பார்த்துக் கத்தவில்லை.

நன்றி, வணக்கம்.