ஒட்டுப்போர்வையும் அறக்கணக்கும்

(ஏற்காட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் தையல் தொழிலாளர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாக்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும், சேலத்திலிருந்து மலையேறி வந்திருக்கும் தையல்கடை அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

அறப்பணிக்கு நிதி திரட்ட நாம் தைத்து விற்கும் ஒட்டுப்போர்வை பற்றிப் பேச வந்திருக்கிறேன். மேடையில் கொடிக்கயிற்றில் இரண்டு போர்வைகள் தொங்குகின்றன. இடப்பக்கம் இருப்பதைக் கொஞ்சம் கிட்ட வந்து பாருங்கள். தையல் நேர்த்தியாக இருக்கிறது, நிறப்பொருத்தமும் அருமை. ஆனால் வெள்ளைக் கட்டங்களில் ரோஜா நிறம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது. ஒரே ஒரு சலவைதான். பக்கத்தில் வைத்துத் தைத்த அரக்குச் சிவப்பு சாயம் விட்டுவிட்டது. நாற்பது மணி நேர உழைப்பு போய்விட்டது. இதை வாங்கியவர் சண்டைக்கு வரமாட்டார். நல்ல காரியத்துக்குக் கொடுத்த பணம்தானே என்று பேசாமல் இருந்துவிடுவார். அடுத்த வருஷம் வாங்கவும் மாட்டார். முதியோர் இல்லத்துக்காகத் தைத்தாலும், ஒரு பிள்ளையின் படிப்புக்காகத் தைத்தாலும், போர்வை போர்வையாகவே விலைபோக வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது அதைத்தான்.

கடைக்காரர் 'குயில்ட்' என்று விற்பதைத்தான் ஒட்டுப்போர்வை என்கிறேன். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்கையும் ஊடுருவித் தையல் ஓட வேண்டும். வங்காளத்துக் காந்தாவும், கர்நாடகத்தின் வடகன்னடத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இன மக்களின் கவந்தியும் இதே குடும்பம். பாட்டியின் பழஞ்சேலையை நாலாய் மடித்து ஓரம் அடித்துப் பிள்ளைக்கு விரித்தோமே, அதுவும்தான்.

சேலத்தில் துணிக்குப் பஞ்சமில்லை. அம்மாப்பேட்டை, குகை, இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், எடப்பாடி என்று சுற்றிலும் தறிதான். தையல்கடையில் கேட்டால் வெட்டுத் துண்டை மூட்டையாகவே கொடுத்துவிடுவார்கள். அந்த மூட்டையில் பெரும்பகுதி போர்வைக்கு ஆகாது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். பனியன் துணி இழுத்தால் நீளும், அதை ஒதுக்குங்கள். பாலியஸ்டர் கலந்த ஜாக்கெட் துணி பருத்தியைப் போலச் சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே பருத்திக் கட்டம் இழுத்துக்கொள்ளும், பக்கத்துக் கட்டம் உப்பிக்கொண்டு நிற்கும். சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து நாலு நூல் உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கடுகு மாதிரி உருண்டு கெட்டிப்படும்.

அடுத்தது சாயம். வெள்ளைக் கைக்குட்டையை வெந்நீரில் நனைத்து, அடர்ந்த நிறத் துண்டின் மேல் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் பத்து விநாடி அழுத்துங்கள். கைக்குட்டையில் நிறம் இறங்கினால் அந்தத் துண்டை நான்கைந்து முறை துவைத்துவிட்டு மறுபடி பாருங்கள். இன்னும் இறங்குகிறதா, ஒதுக்கிவிடுங்கள். கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோம். ஏற்கெனவே சாயம் ஏறிய துணியில் ஒட்டாமல் நிற்கும் மிச்சச் சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது. எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே வெந்நீரில் அலசி உலர்த்துங்கள். சுருங்குவதெல்லாம் கத்தரிக்கு முன்னாலேயே சுருங்கிவிடட்டும்.

இனி அளவு. ஒற்றைக் கட்டிலுக்கு 60க்கு 90 இஞ்சு போர்வை என்று எடுத்துக்கொள்வோம். கட்டம் ஒவ்வொன்றையும் ஆறரை இஞ்சாக வெட்டுங்கள். நான்கு பக்கமும் கால் இஞ்சு தையலுக்குப் போக, தைத்தபின் ஆறு இஞ்சு நிற்கும். அகலத்தில் பத்து, நீளத்தில் பதினைந்து, மொத்தம் 150 கட்டம். 44 இஞ்சு அகலத் துணியாக வாங்கினால் சுமார் நாலேகால் மீட்டர் பிடிக்கும். துண்டுத் துணி என்றால் எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். பாவும் ஊடையும், அதாவது நெசவின் நீள நூலும் குறுக்கு நூலும், கட்டத்தின் ஓரத்துக்கு நேராக ஓடும்படி வெட்டுங்கள். இது நெசவாளி வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. கிராஸில், அதாவது சாய்வாக, வெட்டிய ஓரம் கை பட்டாலே நீளும். போர்வை விரித்தால் அலையடிக்கும்.

தையல் ஓரம் கால் இஞ்சு, அதாவது டேப் கணக்கில் இரண்டு நூல்; இஞ்சில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். இதில் அரை நூல் தப்பினால் என்ன என்று கேட்கலாம். கட்டத்துக்கு இரண்டு பக்கம் இருக்கிறதல்லவா, ஒரு கட்டத்தில் ஒரு நூல் குறையும். பத்துக் கட்டத்தில் பத்து நூல், ஒன்றேகால் இஞ்சு போச்சு. பதினைந்து கட்டத்தில் ஏறக்குறைய இரண்டு இஞ்சு. ஒருத்தி சரியாகத் தைத்து, இன்னொருத்தி அரை நூல் கூட்டித் தைத்தால் இருவர் வரிசையும் எங்கேயும் சேராது. குழுவாகத் தைக்கும் இடங்களில் போர்வை கோணுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஊசியிலிருந்து இரண்டு நூல் தள்ளி மிஷின் தகட்டில் அட்டைத் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். ஒவ்வொருவரும் முதலில் மூன்று கட்டத்தை வரிசையாகத் தைத்துக் காட்டட்டும். நடுக்கட்டம் ஸ்கேலில் சரியாக ஆறு இஞ்சு காட்டினால்தான் அந்த மிஷினில் வேலை தொடங்க வேண்டும். இஸ்திரி போடும்போது ஒரு வரிசையின் தையலை வலப்பக்கமும் அடுத்த வரிசையை இடப்பக்கமும் மடித்து அழுத்துங்கள். மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும்.

அடித்துணி சுற்றிலும் மூன்று இஞ்சு கூடுதலாக இருக்க வேண்டும், அதாவது 66க்கு 96. நல்ல நிலையில் உள்ள ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலை ஒன்று போதும். 96 இஞ்சில் இரண்டாக வெட்டி அகலவாக்கில் இணைத்தால் வேண்டியதற்கு மேலேயே கிடைக்கும். மிச்சம் நிற்கும் சுமார் 24 இஞ்சில் இரண்டரை இஞ்சுப் பட்டியாக எட்டு வெட்டினால் சுற்றுவிளிம்பு முழுக்க வந்துவிடும். விளிம்புக்குத் தேவை 312 இஞ்சுதான். பட்டிகளைச் சாய்வாக இணையுங்கள். நேராக இணைத்தால் அந்த இடம் மட்டும் முடிச்சுப்போல் தடிக்கும். வெட்டுமுன் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; கொசுவம் விழுந்த இடமும் கால்பக்கக் கரையும்தான் முதலில் நைந்திருக்கும்.

நடுப்பஞ்சில் பலர் ஏமாறுகிறார்கள். இலவம் பஞ்சு வேண்டவே வேண்டாம். அதன் இழை குட்டை, வழுக்கும், ஒன்றையொன்று பற்றாது. துவைத்தால் மூலைக்கு மூலை உருண்டுகொள்ளும். கொட்டிப் பரப்பும் பருத்திப் பஞ்சும் இரண்டு மூன்று இஞ்சுக்கு ஒரு தையல் இல்லாவிட்டால் அப்படியே. தகடாக வரும் பஞ்சு வாங்குங்கள். பாலியஸ்டர் தகடு விலை குறைவு, சீக்கிரம் உலரும். ஆனால் மேல்துணி நெருக்கம் இல்லாத நெசவாக இருந்தால் இழை வெளியே முளைக்கும். சேலத்து வெயிலுக்கு விற்கும் போர்வையில் பஞ்சே வேண்டாம். நடுவில் ஒரு பழஞ்சேலையை விரித்துத் தைத்தால் போதும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் மார்கழிக்கு மட்டும் பஞ்சுத் தகடு.

அடித்துணியைத் தரையில் இழுத்து டேப் ஒட்டி, பஞ்சு, மேல்துணி விரித்து, நடுவிலிருந்து வெளிநோக்கி நாலு இஞ்சுக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். மிஷினில் ஊடுதையல் போடுவதென்றால் 14ஆம் நம்பர் ஊசி. மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் சாதாரண ஃபுட் மேல்துணியைத் தள்ளிக்கொண்டே போகும், தையல் முடிகிற இடத்தில் சுருக்கம் விழும். வாக்கிங் ஃபுட் மாட்டினால் அடுக்குகள் சேர்ந்து நகரும். கைத்தையல் என்றால் ஒரு முழ நூலுக்கு மேல் கோக்க வேண்டாம். நீள நூல் துணிக்குள் திரும்பத் திரும்ப உரசி நைந்துவிடும். இஞ்சுக்கு ஐந்தாறு தையல் சீராக விழுந்தால் போதும். முடிச்சை வெளியே விடாதீர்கள், சுண்டி உள்ளே பஞ்சுக்குள் இழுத்துவிடுங்கள்.

விலைக்கு வருவோம். துணி தானம், உழைப்பும் தானம், ஆகவே ஆயிரம் ரூபாய் என்று போட்டுவிடுகிறார்கள். இது தையலை நம்பிப் பிழைக்கும் பெண்ணின் வயிற்றில் அடிப்பது. கணக்கு இப்படி எழுதுங்கள். பொருள் 1,200 ரூபாய், 40 மணி வேலைக்கு மணிக்கு 60 ரூபாய் வீதம் 2,400, அறப்பணிக்கு 900, ஆக 4,500. இவை உதாரணத் தொகைகள்தான், உங்கள் ஊர்க் கூலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கூலி வேண்டாம் என்பவர்களின் மணியையும் நோட்டில் எழுதிவிட்டு, அந்தத் தொகையை அறப்பணிக் கணக்கில் அவர் பெயரிலேயே வரவு வையுங்கள். நாளை அவர் வராவிட்டாலும் விலை மாறாமல் நிற்கும்.

போர்வையைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு விற்பது மேல்நாட்டில் வழக்கம். இங்கே செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது, நல்ல நோக்கம் என்பதால் சீட்டு வேறொன்றாகிவிடாது. ஏலம் விடலாம். அதைவிட நம் ஊருக்குப் பொருந்துவது பெயர்ப்போர்வை. 1942இல், இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் சிங்கப்பூர் சாங்கி சிறையில் அடைத்திருந்த பெண்கள் ஆளுக்கொரு கட்டத்தில் பெயரும் படமும் பின்னி, 66 கட்டங்கள் கொண்ட போர்வைகளைச் செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நம்மிடம் மொய் எழுதும் வழக்கம் இருக்கிறது. 150 கட்டத்தில் பாதியை வெளிர் நிறத்தில் வைத்து, அந்த 75இல் கொடையாளர் பெயரைச் சங்கிலித் தையலில் பின்னுங்கள். பெயருக்கு 200 ரூபாய் என்றாலே 15,000 சேரும், பிறகு போர்வையையும் ஏலம் விடலாம். பெயரைத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ற, ர மாறிப்போனால் பின்னியதை அவிழ்ப்பது பெரும்பாடு.

போர்வைக்குக் கொடுத்த விலை நன்கொடை ஆகாது, அதற்கு 80ஜி என்று சொல்லிவந்த வருமான வரிச் சலுகை ரசீது தரக் கூடாது. நன்கொடையைத் தனி ரசீதில் வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்துக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதைக் கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மே மாதக் கோடை விழாவுக்கு வருகிறவர்கள் பெரிய போர்வையைச் சுமந்து மலை இறங்க மாட்டார்கள். அப்போது 36க்கு 45 அளவில் பிள்ளை விரிப்பு வையுங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை தூங்கும்போது போர்த்தக் கூடாது, தரையில் விளையாட விரிப்பதற்கு என்று சீட்டில் அச்சிடுங்கள். மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. பொத்தான், கண்ணாடி எதுவும் வேண்டாம். மழைக்காலத்தில் இங்கே எதுவும் லேசில் உலராது. ஈரம் போகாமல் பாலிதீனில் கட்டினால் பூஞ்சைப் புள்ளி வரும். பருத்திப் பையில் வையுங்கள், மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

மேசையில் கைக்குட்டைகள் நனைத்து வைக்கப்பட்டிருக்கின்றன, இஸ்திரிப் பெட்டியும் சூடாகிவிட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த மூட்டையை அவிழ்ப்போம். சிவப்புத் துண்டுகளை முதலில் எடுங்கள்.