ஜான் பார்: வயதை மாற்றிச் சொன்ன சிப்பாய்

அவையோர்க்கு வணக்கம்.

முதல் உலகப் போரைப் பற்றிய உரைகளில் தளபதிகளும் அமைச்சர்களுமே பெரும்பாலும் இடம்பெறுகிறார்கள். இன்று அவர்களை விலக்கி வைத்துவிட்டு, அந்தப் போரில் பகைவரின் குண்டுக்கு இரையான முதல் பிரிட்டிஷ் வீரன் என்று பொதுவாகக் கருதப்படும் ஜான் பார் என்ற ஒரு சாதாரணச் சிப்பாயைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். அவனை அறிமுகப்படுத்துவோர் அனைவரும் அவன் இறந்த நாளிலிருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். அவன் எப்படிப் படைக்குள் வந்தான் என்பதே அதைவிட முக்கியமானது என்பது என் உறுதியான எண்ணம்.

லண்டனின் வடபகுதியான ஃபிஞ்ச்லியில், லாட்ஜ் லேன் என்னும் தெருவில் அவன் வளர்ந்தான். தந்தை பால்காரர். பதினொரு பிள்ளைகளில் கடைக்குட்டியான அவனுக்கு முன் பிறந்தவர்களில் பலர் நான்கு வயதைக்கூட எட்டாமல் இறந்துபோனார்கள். பள்ளிப் படிப்பை முடித்ததும் அவன் இறைச்சிக் கடையில் எடுபிடியாக இருந்தான். பிறகு நார்த் மிடில்செக்ஸ் கோல்ஃப் மைதானத்தில், ஆட வரும் கனவான்களின் மட்டைப் பையைத் தோளில் சுமந்துகொண்டு அவர்கள் பின்னால் நடக்கும் வேலையைப் பார்த்தான். அன்றைய இங்கிலாந்தில் இத்தகைய ஒரு பையனுக்கு வேளை தவறாத உணவும், உடுக்க நல்ல உடையும், நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் கூலியும் உறுதியாகக் கிடைக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். 1912ஆம் ஆண்டு அவன் மிடில்செக்ஸ் படைப்பிரிவில் போய்ச் சேர்ந்தான்.

சேருவதற்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. அவனுக்கு அப்போது பதினைந்துக்கு மேல் இல்லை. பதினெட்டு வயதும் ஒரு மாதமும் ஆகிறது என்று அவன் சொன்னான், எழுதிக்கொண்டார்கள். பிறப்புச் சான்று கேட்கும் வழக்கம் அன்று இல்லை. ஐந்தடி மூன்று அங்குல உயரத்தில் எதிரே நின்றவனை அளந்தும் எடைபோட்டும் பார்த்தவர்களுக்கு உண்மை தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆள் வேண்டும் என்ற தேவை அவர்களுக்கு இருந்தது; வேலை வேண்டும் என்ற தேவை அவனுக்கு இருந்தது. இதில் பெரியவர்கள் யார், பிள்ளை யார் என்பதை மறந்துவிட்டு, 'பொய் சொல்லிச் சேர்ந்தவன்' என்று அவன்மேல் மட்டும் பழியை வைப்பது நியாயமாகாது.

நான்காவது பட்டாலியனில் அவன் சைக்கிள் ஒற்றனாக இருந்தான். படை நகரும் திசையில் முன்னதாகச் சென்று, பகைவர் இருக்கும் இடத்தை அறிந்து, விரைந்து திரும்பித் தகவல் சொல்வது அந்தப் பணி. 1914 ஆகஸ்ட் 4 அன்று பிரிட்டன் போரில் இறங்கியது. அந்த மாத நடுவில் அவனுடைய பட்டாலியன் பிரான்சில் கரையிறங்கிப் பெல்ஜியத்தை நோக்கி நடந்தது. ஆகஸ்ட் 21 அன்று, மோன்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஓபூர் என்ற ஊர்ப்பக்கம் அவனும் இன்னொரு வீரனும் சைக்கிளில் அனுப்பப்பட்டார்கள். வழியில் ஜெர்மானியக் குதிரைப்படையினர் எதிர்ப்பட, தோழன் செய்தியோடு திரும்பட்டும் என்று பார் அங்கேயே நின்று சுட்டுக்கொண்டிருந்தான், குண்டு பட்டு இறந்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அவன் இரண்டு நாள் கழித்து மோன்ஸ் போரிலேயே இறந்திருக்கலாம் என்றும், பகைவரின் குண்டே அல்லாமல் நேச நாட்டவரின் தவறான குண்டே அவன்மேல் பாய்ந்திருக்கலாம் என்றும் கருதும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படி இருந்தாலும், அவனுக்கு அன்று வயது பதினேழைத் தாண்டவில்லை.

ஆகஸ்ட் 23 அன்று நடந்த மோன்ஸ் போரில் அந்த ஒரே பட்டாலியன், இறந்தும் காயப்பட்டும் சிறைப்பட்டும் 400 பேருக்கு மேல் இழந்து பின்வாங்கியது. அவன் விழுந்த மண், போர் முடியும் தறுவாய் வரை ஜெர்மானியரின் கையில் இருந்தது. உடலை யாரும் கொண்டுவரவில்லை; இறந்தான் என்று உறுதிசெய்யவும் ஆள் இல்லை. மகனிடமிருந்து கடிதம் வராததால் கலங்கிய தாய் ஆலிஸ், அவனுக்கு என்ன ஆயிற்று என்று ராணுவத்துக்கு எழுதிக் கேட்டார். அவருக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. வயதைக் கேட்டு எழுதிக்கொள்ளச் சில நிமிடங்களே எடுத்துக்கொண்ட ஒரு நிர்வாகத்தால், அவன் இருக்கிறானா இல்லையா என்று பெற்றவளுக்குச் சொல்ல முடியாமல் போயிற்று என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் பகுதி.

அவன் இப்போது மோன்ஸுக்கு அருகே செயின்ட் சிம்ஃபோரியன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறான். இரு தரப்பினருக்கும் ஒரே மரியாதை அளிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு பெல்ஜிய நிலக்கிழார் வழங்கிய இடத்தில், ஜெர்மானியர்களே உருவாக்கிய தோட்டம் அது. அந்தப் போரில் கடைசியாகக் கொல்லப்பட்ட பிரிட்டிஷ் வீரர் என்று கருதப்படும், லீட்ஸ் நகரிலிருந்து வந்த ஜார்ஜ் எலிசனும் அங்கேதான் இருக்கிறார். அவர் 1918 நவம்பர் 11 அன்று போர்நிறுத்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, தம் நாற்பதாவது வயதில் இறந்தவர். அவருடைய கல்லறை பாரின் கல்லறைக்கு எதிரே, சில அடி தொலைவில் அமைந்தது யாரும் திட்டமிடாமல் நேர்ந்தது.

பாரின் தலைக்கல்லில் வயது 20 என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது. படையில் சேரும்போது அவன் சொன்ன கணக்குப்படி அது சரி. பிறப்புப் பதிவின்படி தவறு. 2014இல், அவன் இறந்து நூறாண்டு நிறைந்தபோது, லாட்ஜ் லேனில் அவன் வாழ்ந்த வீட்டருகே நடைபாதையில் ஒரு நினைவுக்கல் பதிக்கப்பட்டது. கல்லறையில் உள்ள எண்ணைத் திருத்த வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே நான் சொல்வேன். அந்த எண் மாறாத வரை, பதினைந்து வயதுப் பையனைப் பதினெட்டு என்று ஏற்றுக்கொண்ட செயல் இன்றைக்கும் தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறது.