கதவில் நிற்கும் பழைய பெயர்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் வண்டிகளுக்குப் பெயர் எழுதுவது என் தொழில். இப்போதெல்லாம் எழுதக் கூப்பிடுவதைவிட, இருக்கிற பெயரை அழிக்கத்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள்.

தேவகோட்டைப் பக்கம் பலகாரம் செய்து விற்கிற ஒரு ஆச்சி, பந்தல்காரர் ஒருவரின் பழைய லோடு வண்டியை வாங்கினார். தேன்குழலும் மணகோலமும் ஏற்றிப்போய்க் கல்யாண வீட்டு வாசலில் நின்றால், "ஆச்சி, கீத்து கொண்டாந்துட்டீகளா?" என்று கேட்கிறார்களாம். கதவில் பந்தல்காரர் பெயர் அவ்வளவு பெரிதாக இருக்கிறது! டிரைவர் பையன் பெயின்டைக் கரைக்கும் தின்னரை ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்துவிட்டான். எழுத்தோடு வண்டியின் நீலமும் துணிக்கு வந்து, அடியிலிருந்த பிரைமர், அதாவது முதல் பூச்சு, எட்டிப் பார்த்தது. பெயர் முன்பைவிட நன்றாகத் தெரிந்தது. "காசு குடுத்து எழுதினாக்கூட இம்புட்டுப் பளிச்சுன்னு வராதுப்பா" என்றார் ஆச்சி.

அதனால்தான் சொல்கிறேன், எடுத்த எடுப்பில் தின்னரை ஊற்றித் தேய்க்காதீர்கள். கம்பெனியில் சூட்டில் காயவைத்த பெயின்ட் ஓரளவு தாங்கும். பட்டறையில் அடித்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் கரைந்தே போகும். எதுவென்று பார்க்க, கதவின் வெளிப்பக்கம், கீழ் ஓரத்தில், துணியில் ஒரு சொட்டு தின்னர் தொட்டுத் துடையுங்கள். நிறம் துணியில் ஏறினால் அது பட்டறைப் பெயின்ட், தின்னரை அதோடு நிறுத்திவிடுங்கள். உள்பக்கம் பார்த்து ஏமாறாதீர்கள், மறுபெயின்ட் அங்கே ஏறியிருக்காது.

எழுதிச் சில நாளே ஆன எனாமல் எழுத்து டர்பன்டைனுக்கே இளகும். நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் எழுத்தின் மேல் போட்டுவையுங்கள். ஊறட்டும், அவசரம் வேண்டாம். பல வருஷம் காய்ந்த எழுத்து அதற்கு அசையாது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற நைசான உப்புத்தாளை, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, எழுத்தின் மேல் மட்டும் மெதுவாகத் தேயுங்கள். எழுத்துக்கு அடியில் வண்டியின் நிறம் லேசாகத் தெரிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். கம்பெனி பெயின்ட் அத்தனை அடுக்கும் சேர்ந்தே ஒரு நோட்டுத் தாள் கனம்தான் இருக்கும். மிச்சத்தை ரப்பிங் காம்பவுண்ட் என்கிற மெருகுப் பசை பார்த்துக்கொள்ளும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்து போன இடம் வெயில் படாததால் நிறம் மங்காமல் தனியாகத் தெரியும். அங்கே மட்டும் தேய்த்துப் பயனில்லை, கதவு முழுக்கப் பாலிஷ் போடுங்கள். நம்மூர் வெயிலில் தகரம் சுடும்போது வேலை செய்யாதீர்கள், காலையில் நிழலில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. வணக்கம்.