தூர்வாரும் முன் மதகைப் பாருங்கள்

[காட்சி: வறண்ட வாய்க்கால். ஆளுயரத்துக்கு நெய்வேலி காட்டாமணக்கு.]

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடுவார்கள். ஜூன் 12-இல் திறப்பார்கள். டெல்டாவில் பழைய வாய்க்கால் ஒன்றைச் சீர்செய்ய நினைப்பவர்களுக்குக் கிடைப்பது இந்த இடைவெளிதான். அதிலும் சேறு காய்ந்து, ஆள் இறங்கி வேலை பார்க்க மாசி பிறந்துவிடும்.

சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் இளைஞர்கள் மண்வெட்டி, அரிவாளோடு கூடிவிட்டார்கள். நீர்வளத்துறையிடம் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. எங்கே முதலில் கை வைப்பது? பலரும் கண்ணில் படுகிற செடியை வெட்டத் தொடங்கிவிடுவார்கள். வேண்டாம், முதலில் மதகுக்குப் போங்கள்.

[காட்சி: வாய்க்காலின் குறுக்கே பழைய செங்கல் மதகு, கிட்டத்தில்.]

மதகின் அடியில் மண்ணைக் கையால் விலக்கினால் பாவிய கல் தட்டுப்படும். வாய்க்காலின் தரை எந்த மட்டத்தில் இருந்தது என்பதற்கு அந்தக் கல்தான் சாட்சி. டெல்டா தட்டையான பூமி. மிகச் சிறிய சரிவை நம்பித்தான் தண்ணீர் கடைமடை வரை போகிறது. பொக்லைனை இறக்கி அந்தக் கல்லுக்குக் கீழே ஒரு முழம் தோண்டிவிட்டால், வாய்க்காலில் தண்ணீர் கிடக்கும். பக்கத்து வயலின் மடைக்கு ஏறாது. ஆழமாகத் தோண்டினால் நல்ல வேலை என்ற எண்ணம் நம் ஊர்களில் ஊறிப்போயிருக்கிறது. அதனால் கெட்டுப்போன வாய்க்கால்கள் உண்டு என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கல் தெரிந்ததும் நிறுத்துங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபை வைத்து, அங்கிருந்து அடுத்த மதகு வரை மட்டம் பிடியுங்கள்.

அப்புறம் மதகுச் சுவர். செங்கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து வந்துவிடும். அடியோடு அறுத்து, வேர் காய்ந்து செத்த பிறகு எடுங்கள். விரிசலைச் சிமெண்டால் பூச வேண்டாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரில் சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். பழைய செங்கல் உதிரத் தொடங்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவது சிரமம்தான், ஆனாலும் தேடுங்கள்.

[காட்சி: கரையில் குவித்த செடிகள்.]

காட்டாமணக்கின் வெட்டிய தண்டு ஈர மண்ணில் கிடந்தால் மறுபடி துளிர்க்கும். வேரோடு கடப்பாரையால் நெம்பி எடுத்து, கரைக்கு வெளியே காயப்போடுங்கள். ஆகாயத்தாமரையும் அப்படித்தான், கரையோரம் குவித்து வைத்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும்.

ஊர் கூடி நீர்நிலையைப் பராமரிக்கும் குடிமராமத்து நமக்குப் பழைய வழக்கம். 1858-இல் ஆங்கிலேய அரசு அதற்குச் சட்டமே போட்டது. தமிழக அரசு 2017-இல் அதே பெயரில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. கஜா புயலுக்குப் பிறகு, கல்லணைக் கால்வாயின் கடைமடையான பேராவூரணியில் இளைஞர்கள் முன்னின்று பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். இவர்களைப் போன்றவர்களிடம்தான் எனக்கு நம்பிக்கை.

ஜூனில் தண்ணீர் வரும்போது கரையில் கூடவே நடந்து போங்கள். புதுத்தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலையும் வைக்கோலையும் தள்ளிக்கொண்டு வந்து மதகில் அடைக்கும். ஒரு கொக்கிக் கம்பு கையில் இருக்கட்டும். ஐப்பசி அடைமழைக்கு முன் வடிகாலையும் ஒரு தடவை பாருங்கள். வாய்க்கால் சுத்தமாக இருந்து வடிகால் அடைபட்டிருந்தால், சம்பாப் பயிர் மூழ்கிவிடும்.