சாட்டா கேபிள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

[திரையில்: மேசை மேல் இரண்டு சாட்டா கேபிள்கள்]

வணக்கம். கணினிக்குள் ஒரு ஹார்டு டிஸ்கையோ 2.5 அங்குல எஸ்எஸ்டியையோ மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா என்ற வகை டேட்டா கேபிளைத் தேடும்போது, எதுவும் அச்சிடப்படாத கேபிள் ஒன்றையும், ‘சாட்டா 3, 6 ஜிபிபிஎஸ்’ என்று அச்சிட்டுச் சற்றுக் கூடுதல் விலைக்கு விற்கப்படும் கேபிள் ஒன்றையும் நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த எழுத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. (எம்.2 வகை எஸ்எஸ்டி மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகப்படுவதால், அதற்குக் கேபிளே வேண்டாம்.)

[திரையில்: இணைப்பு முனையின் ஏழு தொடுபுள்ளிகள்]

2003இல் நொடிக்கு 1.5 கிகாபிட் வேகத்தில் தொடங்கிய சாட்டா, அடுத்த ஆண்டு 3 கிகாபிட்டையும் 2009இல் 6 கிகாபிட்டையும் (அச்சிட்டிருக்கும் ‘6 ஜிபிபிஎஸ்’ இதுதான்) எட்டியபோதும், கேபிளின் அமைப்பு மாறவில்லை. அனுப்ப ஓர் இணை, பெற ஓர் இணை, அவற்றைப் பிரித்து நிற்கும் மூன்று தரை இணைப்புகள் என ஏழு தொடுபுள்ளிகளே இன்றும் உள்ளன. ஒவ்வொரு 8 பிட் தகவலும் கேபிளில் 10 பிட்டாகச் செல்வதால், 6 கிகாபிட் என்பது நடைமுறையில் நொடிக்கு அதிகபட்சம் 600 மெகாபைட்டாகும். நல்ல சாட்டா எஸ்எஸ்டி 550 அளவில் நின்றுவிடும், சாதாரண ஹார்டு டிஸ்க் அதில் பாதியைக்கூடத் தொடாது.

[திரையில்: உலோகக் கவ்வி, அருகிலிருந்து]

அப்படியானால் எதைப் பார்ப்பது? முதலில், முனையில் உள்ள சிறிய உலோகக் கவ்வி. அது இல்லாத கேபிள், கேபினட்டை நகர்த்தும்போதோ தூசு தட்டும்போதோ சற்றே நழுவிவிடும். முழுவதும் கழன்றுவிட்டால் உடனே தெரிந்துவிடும், அரைகுறையாக நிற்பதுதான் ஆளை அலைக்கழிக்கும். இந்த முனைகள் சுமார் 50 முறை செருகிக் கழற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை என்பதால், பல கணினிகளில் மாறிமாறிப் பயன்பட்ட பழைய கேபிளை நம்பாமல் இருப்பது நல்லது.

நீளத்துக்கு விதிப்படி உச்ச வரம்பு 1 மீட்டர். நடுத்தரக் கேபினட்டுக்குப் பெரும்பாலும் 45 அல்லது 50 சென்டிமீட்டரே போதும் என்றாலும், கேபிள் செல்லும் வளைவுகளையும் சேர்த்து ஒரு நூலால் அளந்துகொண்டு வாங்குங்கள்.

[திரையில்: நேர் முனையும் வளைந்த முனையும்]

பலரும் தவறவிடுவது முனையின் வடிவம். டிரைவுக்குப் பின்னால் இடம் குறைவாக இருந்தால் 90 பாகை வளைந்த முனை உதவும்; ஆனால் மதர்போர்டில் போர்ட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இடத்தில் அதே முனை பக்கத்துப் போர்ட்டை மறைத்துவிடும். ஆகவே ஒருபுறம் நேராகவும் மறுபுறம் வளைந்தும் உள்ள கேபிளே பெரும்பாலான கேபினட்டுகளுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

[திரையில்: கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள்]

ஏற்கெனவே உள்ள கேபிளைச் சந்தேகித்தால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் தெரியும் ஸ்மார்ட் பட்டியலில் (டிரைவ் தன் நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) 199 என்ற எண்ணுள்ள வரிசையில், அதாவது சி7 என்ற குறியீட்டில், உள்ள சிஆர்சி பிழை எண்ணிக்கையைப் (தகவல் கேபிளில் செல்லும்போது நேரும் பிழைகள்) பாருங்கள். இந்த மென்பொருள் அதை வழக்கமாகப் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண்ணில் காட்டும் என்பதால், மதிப்பைக் கண்டு திகைக்க வேண்டாம். கேபிளை மாற்றினாலும் அந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பாது. அதைக் குறித்து வைத்துக்கொண்டு கேபிளை மாற்றி, சில நாள்களுக்குப் பிறகு கூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூடியிருந்தால் அடுத்து வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். அதன் பிறகும் கூடிக்கொண்டே போனால்தான் டிரைவைச் சந்தேகிக்க வேண்டும்.