ஆவுளியாவின் இடுப்பெலும்பு

(பாம்பனில் பங்கு இளைஞர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களே, பெரியவர்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பைக் கேட்டு ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்ததாகக் காதில் விழுந்தது. கோயில் மண்டபத்தில் டார்வினுக்கு என்ன வேலை என்று கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமத்தைப் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில், வேதாகமத்தில் படைப்பைச் சொல்லும் தொடக்கநூலைப் படிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே கைப்பேசி வேறு. அதில் ஒருவர் டார்வின் பொய்யர் என்கிறார், அடுத்தவர் கடவுளே பொய் என்கிறார். பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? இங்கே, சாமி முன்னிலையிலேயே பேசிவிடுவது நல்லது என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒரு குப்பையை ஒதுக்கிவிடுகிறேன். டார்வின் சாகும் தறுவாயில் மனம் திரும்பி, தன் கொள்கையைக் கைவிட்டு வேதாகமத்தை வாசித்தார் என்றொரு கதை துண்டுப்பிரசுரமாக வந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. லேடி ஹோப் என்ற பெண்மணி சொன்னதாக 1915இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளியான கதை அது. டார்வின் இறந்தது 1882இல். அவருடைய படுக்கையருகே இருந்த மகள் ஹென்றியேட்டா, அந்த அம்மையார் அப்பாவின் கடைசி நோயின்போது வரவே இல்லை என்று 1922இல் எழுத்திலேயே மறுத்துவிட்டார். நாம் பொய்சாட்சி சொல்லக் கூடாதவர்கள். தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்றொரு வாதம் இருக்கிறது. வேர் பழையது. வழியில் ஒரு கடிகாரம் கிடந்தால் அதைச் செய்த ஒருவன் இருக்க வேண்டும் அல்லவா, உயிர்களும் அப்படித்தான் என்று 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதினார். 1996இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பெஹே அதற்குப் புதுச் சட்டை மாட்டினார். பாக்டீரியாவுக்குச் சுழலும் வால் உண்டு, அதன் அடியில் மோட்டார் போன்ற ஓர் அமைப்பு உண்டு. அதில் ஒரு பாகத்தைக் கழற்றினாலும் வேலை நின்றுபோகும்; ஆகவே அது படிப்படியாக உருவாகியிருக்க முடியாது, யாரோ ஒரேயடியாக வடிவமைத்திருக்க வேண்டும் என்றார். பெஹே ஒரு கத்தோலிக்கர். மனிதனுக்கும் குரங்குக்கும் பொது மூதாதை உண்டு என்பதை ஏற்பவரும்கூட. அவர் வீடியோவைப் பகிர்கிற பல பேருக்கு இந்த இரண்டாவது விஷயம் தெரியாது!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கழற்றிய மிச்சம் சும்மா கிடப்பதில்லை. அந்த வாலின் அடிப்பகுதியில் உள்ள சுமார் பத்துப் புரதங்களுக்கு நெருங்கிய உறவான புரதங்களைக் கொண்டு, பிளேக் கிருமி ஊசி போன்ற ஓர் உறுப்பை வைத்திருக்கிறது. வால் இல்லாமலே, நம் செல்களுக்குள் நஞ்சு செலுத்தும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. ஒரு வேலைக்கு இருந்த பாகம் இன்னொரு வேலைக்குப் போவது உயிருலகில் அன்றாட நடப்பு.

இந்த வாதம் நீதிமன்றம் ஏறிய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்றொரு சிற்றூர். 2004இல் அந்த ஊர்ப் பள்ளி வாரியம், ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடத்துக்கு முன் ஓர் அறிவிப்பை வாசிக்கச் சொன்னது: டார்வின் கொள்கையில் இடைவெளிகள் உண்டு, அறிவார்ந்த வடிவமைப்பு என்று மாற்று விளக்கம் உண்டு, வேண்டுமானால் இந்தப் புத்தகத்தைப் பாருங்கள் என்று. அறிவியல் ஆசிரியர்கள் வாசிக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். (அந்த ஆசிரியர்களுக்கு என் தனி வணக்கம்.) பெற்றோர் பதினொரு பேர் வழக்குப் போட்டார்கள்.

அந்தப் புத்தகத்தின் பழைய வரைவுகளை நீதிமன்றம் வரவழைத்தது. உயிர்களைக் கடவுள் நேரடியாகப் படைத்தார், பரிணாமம் பொய் என்னும் படைப்புவாதத்தைப் பள்ளியில் கற்பிக்கச் சொல்லும் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்திருந்தது. அதற்கு முந்தைய வரைவில் 'படைப்புவாதிகள்' என்று இருந்த இடமெல்லாம் பிந்தைய வரைவில் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாறியிருந்தது. அவசரத்தில் மாற்றியிருக்கிறார்கள். ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் அப்படியே நிற்க, நடுவில் புதுச் சொல் செருகிக் கிடந்தது. பரிணாமத்தில் இடைநிலை வடிவமே இல்லை என்றவர்கள் தங்கள் புத்தகத்திலேயே ஒன்றை விட்டுவைத்திருந்தார்கள்.

குறுக்கு விசாரணையில் பெஹேயிடம், அறிவியலுக்கு நீங்கள் தரும் இலக்கணப்படி ஜோதிடமும் அறிவியல் ஆகுமா என்று கேட்டார்கள். ஆகும் என்று ஒப்புக்கொண்டார். நோய் எதிர்ப்பு அமைப்பின் பரிணாமம் பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளையும் ஒன்பது நூல்களையும் அவர் முன் அடுக்கினார்கள். இவையெல்லாம் போதாது என்றார். பெற்றோர் தரப்பில் முதல் சாட்சியாக வந்த உயிரியலாளர் கென்னத் மில்லர், கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர். அதே தரப்பில் ஜான் ஹாட் என்ற கத்தோலிக்க இறையியலாளரும் சாட்சி சொன்னார். நீதிபதி ஜான் ஜோன்ஸ், அதிபர் புஷ் நியமித்தவர். வடிவமைப்பு ஆதரவாளர்கள் பலர், தங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரும் என்று நம்பியிருந்தார்கள். 2005 டிசம்பர் 20ஆம் தேதி 139 பக்கத் தீர்ப்பு வந்தது: இது அறிவியல் அல்ல, மதக் கருத்து, அரசுப் பள்ளியில் கூடாது. வழக்குச் செலவாகப் பள்ளி வாரியம் பத்து லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. பிள்ளைகளுக்கான பணம்.

ஆக, இதைக் கடவுளுக்கும் அறிவியலுக்கும் நடந்த குஸ்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள்.

'அப்படியானால் அறிவியலில் ஏன் கடவுள் பெயரே வருவதில்லை, அதுவே நாத்திகம்தானே' என்று கேட்கிறார்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். எங்கே தாழ்வு மண்டலம், எந்தத் திசையில் நகர்கிறது, காற்றின் வேகம் என்ன என்பதுதான் அறிவிப்பில் இருக்கும். கடவுள் சித்தம் என்று ஒரு வரி இருக்காது. அதனால் வானிலை மையத்தை நாத்திகர் கூடாரம் என்று யாராவது சொன்னோமா? கூண்டைப் பார்த்துப் படகை மேலே இழுத்துக் கட்டுகிறோம், வீட்டுக்கு வந்து செபமாலை சொல்கிறோம். 1964இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதைக் கண்ணால் பார்த்த பெரியவர்களும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். அந்தப் பக்குவம் உயிரியல் பாடத்துக்கு வரும்போது மட்டும் எங்கே போகிறது?

நான் அமெரிக்காவைவிட நம் கடலையே அதிகம் நம்புகிறவன். இப்போது எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். இடது கண்ணை மூடுங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களை ஒட்டினாற்போல் நிமிர்த்துங்கள். வலது கண்ணால் இடது கட்டைவிரலை மட்டும் பாருங்கள். பார்வையை மாற்றாமல் வலது கையை மெதுவாக வெளிப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாண் தூரம் போவதற்குள் வலது கட்டைவிரலின் நுனி காணாமல் போகும்... ஆ, அங்கே ஒரு தங்கைக்குப் போய்விட்டது!

அதுதான் குருட்டுப் புள்ளி. நம் விழித்திரையில் நரம்பு இழைகள் ஒளியுணரும் செல்களுக்கு முன்னால் ஓடுகின்றன. அவை வெளியே போக ஒரு துளை வேண்டும். துளை இருக்கிற இடத்தில் பார்வை கிடையாது. இனி, வலையில் வரும் கணவாயைப் பாருங்கள். ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய், பேய்க்கணவாய் மூன்றுக்கும் நம்மைப் போலவே லென்ஸ் வைத்த கண். ஆனால் நரம்பு பின்னாலிருந்து வருகிறது. துளை வேண்டாம், குருட்டுப் புள்ளியும் இல்லை. வடிவமைத்தவர் கணவாய்க்கு ஒரு விதமாகவும் நமக்கு ஒரு விதமாகவும் ஏன் செய்தார்? நம் விழித்திரை அமைப்பிலும் அனுகூலம் உண்டு, ரத்த ஓட்டம் நன்றாகக் கிடைக்கிறது என்று அவர்கள் பதில் சொல்வார்கள். இருக்கட்டும். ஆனால் வவ்வாலுக்கும் தவளைக்கும் சூடைமீனுக்கும், முதுகெலும்பு உள்ள எல்லாவற்றுக்கும் நம் ஏற்பாடே இருப்பானேன்? கண்ணின் தரத்தை வைத்து இதற்கு விடை கிடைக்காது. வம்சத்தைக் கேட்டால் கிடைக்கும். நாமும் சூடைமீனும் ஒரு கிளை. கணவாய் வேறு கிளை, தனியாகக் கண் வளர்த்துக்கொண்டது.

அப்புறம் நம் ஆவுளியா. கடல்பசு என்று புத்தகத்தில் போடுவார்கள். இன்று அதைத் தொட்டாலே வனச்சட்டம் பாயும், பாயத்தான் வேண்டும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல் மேய்ந்து திரிகிற ஜீவன். மீனைப் போல் இருக்கும், ஆனால் மூச்சுவிட மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும். பால்காம்பு எங்கே இருக்கிறது தெரியுமா? முன்துடுப்பின் அக்குளில். யானைக்கும் முன்னங்கால்களுக்கு நடுவில்தான். கடல்பசுக் குலத்துக்கு வெளியே, இன்று உயிரோடிருப்பவற்றில் அதற்கு நெருங்கிய சொந்தம் யானைதான். துடுப்புக்குள்ளே நம் கையில் உள்ள அதே எலும்பு வரிசை: மேற்கை, முன்கை, ஐந்து விரல். பின்னங்கால் கிடையாது. ஆனால் உடம்புக்குள் சதையில் புதைந்து சின்ன இடுப்பெலும்பு இருக்கிறது, காலே இல்லாத பிராணிக்கு.

இந்தக் குலத்தின் மூதாதை ஒன்று நாலு காலில் நடந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டு பழைய அதன் எலும்புகள் ஜமைக்காவில் கிடைத்தன. 2001இல் அதை விவரித்து எழுதியவர் டாரில் டோம்னிங். அவரும் கத்தோலிக்கர். ஆதிப்பாவத்தை, அதாவது ஆதாம் செய்த பாவம் மனிதகுலம் முழுவதையும் பற்றியது என்ற போதனையை, பரிணாமத்தோடு சேர்த்து யோசித்துத் தனி நூலே எழுதியவர்.

வடிவமைப்பு வாதத்தில் என்னை உறுத்துவது அறிவியல் குறை மட்டுமல்ல, பக்திக் குறையும்தான். இது விளங்கவில்லை, ஆகவே கடவுள் செய்தார் என்றால், விளங்கிய அன்று கடவுளுக்கு அங்கே இடமில்லை. ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் ஓர் அடி பின்வாங்குகிற கடவுளையா நாம் கும்பிடுகிறோம்?

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு உயிரையும் நேராகத் திட்டமிட்டுச் செய்தார் என்றால், எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. மலேரியாக் கிருமியும் வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டதுதான் என்று பெஹே 2007இல் வெளியான நூலில் எழுதினார். வாதத்தைக் கடைசி வரை கொண்டுபோன நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் இந்தத் தீவில் மலேரியா வந்து பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இதை எப்படிச் சொல்வது? டார்வினுக்கும் இதே உறுத்தல் இருந்தது. புழுவுக்குள் முட்டையிட்டு, அதை உயிரோடு தின்று வளரும் குளவியை ஓர் அன்பான கடவுள் வேண்டுமென்றே படைத்தார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என 1860இல் ஆசா கிரேக்கு எழுதினார். அந்த ஆசா கிரே ஹார்வர்டு தாவரவியலாளர், ஆழ்ந்த கிறிஸ்தவர், அமெரிக்காவில் டார்வினுக்காக முதலில் வாதாடியவர்.

எதிர்ப்பக்கமும் இதே தப்பைச் செய்கிறது. பரிணாமம் உண்மை, ஆகவே கடவுள் இல்லை என்று மேடையில் முழங்குகிறவர், ஆவுளியாவின் எலும்பு சொல்லாததை அதன் வாயில் திணிக்கிறார்.

திருச்சபை என்ன சொல்கிறது? ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார் எச்சரித்திருக்கிறார்: வானம், பூமி, விலங்குகள் பற்றி நம்பிக்கையற்றவனுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில், ஒரு கிறிஸ்தவன் வேதாகமத்தின் பெயரால் உளறினால், இறந்தோர் உயிர்ப்பதைப் பற்றி அவன் சொல்வதை யார் நம்புவார்கள் என்று. 1996இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். கடவுள் மந்திரக்கோல் வைத்திருக்கும் மந்திரவாதி அல்ல என்றார் திருத்தந்தை பிரான்சிஸ், 2014இல்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். உண்மையான சிக்கல் பாக்டீரியாவின் வாலில் இல்லை, ஆதாமிடம் இருக்கிறது. மனித உடல் முந்தைய உயிர்களிலிருந்து வந்ததா என்று ஆராயலாம், ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதினார். ஆனால் மனிதகுலம் ஆதாம் என்ற ஒருவரிலிருந்து வராமல் பலரிடமிருந்து வந்தது என்றால், அதை ஆதிப்பாவப் போதனையோடு எப்படி இணைப்பது என்று புலப்படவில்லை என்றும் எழுதினார். இன்றைய மரபணு ஆய்வோ, நம் மூதாதையர் கூட்டம் இரண்டே பேராகச் சுருங்கியதில்லை, ஆயிரக்கணக்கில்தான் இருந்தது என்கிறது. இறையியலாளர்கள் இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆதாமைத் தனி மனிதராகப் பார்ப்பவர் உண்டு, மொத்த மனிதகுலத்தின் உருவமாகப் பார்ப்பவர் உண்டு. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். ஆனால் நான் விலங்கியல் வாத்தியார், இதில் என் வார்த்தைக்குப் பெரிய எடை கிடையாது.

கேள்விகளைக் கேளுங்கள். மைக் பின்வரிசைக்கும் வரும். ஆதாமைப் பற்றிய கேள்விகளைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சாமி சொல்லியிருக்கிறார். கணவாய், ஆவுளியா பற்றியவை என்னிடம் வரட்டும்.