ஆறாயிரம் மனை, இரண்டு கையெழுத்து

வணக்கம். திரையில் தெரிகிற இந்தச் செங்கல் வீடுகளின் பெயர் வீட் ரோ. வாஷிங்டன் நகரின் தென்மேற்கில் இன்றும் நிற்கின்றன. வருஷத்துக்கு இருபது வீடு கட்டுவதாக ஒப்பந்தம் போட்ட மூன்று கூட்டாளிகளின் காலத்து வீடுகள்.

1793-ல் அந்தத் தலைநகரம் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. கட்டுவதற்கு அரசிடம் காசில்லை. ஜேம்ஸ் கிரீன்லீஃப், ராபர்ட் மாரிஸ், ஜான் நிக்கல்சன் மூவரும் 6,000 மனைகளை எடுத்துக்கொண்டார்கள். மனை 80 டாலர், ஏழு வருஷத் தவணை, வட்டி கிடையாது. மாரிஸ் லேசான ஆளில்லை. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பணம் புரட்டியவர், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். அவர் கையெழுத்து எங்கும் செல்லும். வினையே அதுதான்.

ஆம்ஸ்டர்டாமில் கடன் வாங்கி வருவதாக கிரீன்லீஃப் சொல்லியிருந்தார். 1795-ல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. அந்தக் கதவும் மூடிக்கொண்டது. சரி, அடங்கினார்களா? அதே வருஷம் வட அமெரிக்க நிலக் கம்பெனி தொடங்கினார்கள். 60 லட்சம் ஏக்கர். பங்கு 100 டாலர், வருஷத்துக்கு 6 சதவீதம் உறுதி. குடியேற ஆளே வராத காட்டிலிருந்து ஆறு சதவீதம் எப்படி வரும் என்று யாராவது கேட்டிருக்கலாம்.

இப்போது இந்தப் புரோநோட்டைப் பாருங்கள். எழுதியவர் மாரிஸ், பின்பக்கம் ஜாமீன் நிக்கல்சன். அடுத்ததைத் திருப்புங்கள்: எழுதியவர் நிக்கல்சன், ஜாமீன் மாரிஸ்! இப்படியே சுமார் ஒரு கோடி டாலருக்கு எழுதித் தள்ளினார்கள். கடைசியில் ஒரு டாலருக்கு எழுதிய புரோநோட்டு 15 சென்ட்டுக்குப் போனது.

நிலமெல்லாம் அதற்கு முன்பு யாருடையது? மேற்கு நியூயார்க்கில் செனகா என்ற பூர்வகுடி மக்களுடையது. அவர்கள் உரிமையை நீக்கித் தருவதாகச் சொல்லித்தான் மாரிஸ் டச்சுக்காரர்களுக்கு விற்றிருந்தார். 1797-ல் பிக் ட்ரீ என்ற இடத்தில் அவர்களோடு பேச்சுவார்த்தை. கடன் கொடுத்தவர்களுக்குப் பயந்து மாரிஸால் வீட்டுவாசலைத் தாண்ட முடியவில்லை. மகன் தாமஸை அனுப்பினார். 1,00,000 டாலருக்குப் பெரும்பகுதி நிலம் கைமாறியது.

அப்புறம் பிலடெல்பியாவில் ஸ்கூல்கில் ஆற்றோரத்து வீட்டுக்குள் மாரிஸ் பூட்டிக்கொண்டு இருந்தார். கடன் கொடுத்தவர்கள் வெளியே தீ மூட்டிக் குளிர்காய்ந்தபடி இரவெல்லாம் காவல் கிடந்தார்கள். 1798 பிப்ரவரியில் பிலடெல்பியா கடனாளிச் சிறைக்குப் போனார். நிக்கல்சன் 1800-ல் சிறையிலேயே இறந்தார்.

மாரிஸைப் பார்க்க 1798-ல் ஒரு பழைய நண்பர் சிறைக்கு வந்து, அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். ஜார்ஜ் வாஷிங்டன்.